விளையாட்டுக் களமும் காப்புக் கடமையும்

உடலை உறுதி செய்வதும் உள்ளத்தைச் செம்மை செய்வதும் விளையாட்டின் பயன்கள் எனக் கற்றோர் கூறுவர். தோல்வியைப் பொறுக்கவும், வெற்றியில் அடங்கவும், தன்னலத்தைக் குழுவின் நலத்துள் ஒடுக்கவும் ஓர் இளைஞன் கற்றுக்கொள்ளும் இடம் விளையாட்டுக் களமே எனல் மிகையாகாது. 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியதும், மிஷன் கல்லூரிகள் பலவும் தம் நிலத்தின் பெரும்பகுதியைப் பந்தாட்ட வெளிகளாக வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே ஆகும். களத்தின் சிறப்பு யாவரும் ஒப்புக்கொண்டது. ஆதலின் யாம் அதனை ஈண்டு விரிக்கப் புகவில்லை. அக்களத்திற்கு வரும் குழந்தையைக் காக்கும் கடமை யாருடையது, அஃது எங்ஙனம் தவறுகிறது, எங்ஙனம் நிறைவேறும் என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

காப்புக் கடமை என்பது யாது? நம் செயலாலோ செயலின்மையாலோ பிறர்க்குத் தீங்கு நேரக்கூடும் என்று முன்னரே உணரத்தக்க இடத்து, அது நேராவண்ணம் தக்க விழிப்போடு நடந்துகொள்ளுதலே காப்புக் கடமை. ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் இதனைப் படிப்படியாக வளர்த்தன. ஒரு பள்ளியில் பாஸ்பரஸ் அடங்கிய புட்டி சிறுவர் கையில் அகப்பட, மாணவன் ஒருவன் தீப்புண் பட்டான். 1893-ஆம் ஆண்டில் அவ்வழக்கை ஆராய்ந்த நீதிமன்றம், கவனமுள்ள தந்தை தன் மக்களை எவ்வளவு விழிப்போடு காப்பானோ அவ்வளவு விழிப்போடு ஆசிரியர் தம் மாணவரைக் காத்தல் வேண்டும் என்று கூறிற்று. 1932-ஆம் ஆண்டில் அட்கின் பிரபு, டொனகு எதிர் ஸ்டீவன்சன் என்னும் வழக்கில், இக்கடமையை இன்னும் விரிவாக்கினார். நல்ல சமாரியனின் உவமைக்குக் காரணமாயிருந்த வினா, பிறன் எவன் என்பது. அவ்வினாவையே அவர் சட்டத்தின் வினாவாக எடுத்துக்கொண்டு, நம் செயலால் நேரே தாக்குறக் கூடியவர் எவரோ அவரே பிறன் என விடை பகர்ந்தார்.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பொறுப்பேற்றவர் நல்லவரா என்று சட்டம் கேட்கவில்லை. விழிப்போடு இருந்தாரா என்றே கேட்கிறது. விளையாட்டுச் சங்கங்களோ நெடுங்காலம் முதல் வினாவை மட்டுமே கேட்டுவந்தன. அதனால் விளைந்த கேடுகளை இனிக் காண்போம்.

அதற்கு முன்னர், பிற இடங்களினும் விளையாட்டுக் களத்தில் இக்கடமை அரிதாவது ஏன் என்பதை ஆராய்தல் தகும். முதலாவது, உடலைத் தொட்டுத் திருத்துதல் விளையாட்டுப் பயிற்சியின் ஒரு பகுதி. ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்வோனைத் தாங்கிப் பிடியாமல் குட்டிக்கரணம் கற்பிக்க இயலாது. நீச்சல் கற்பிப்போனும் அங்ஙனமே. ஆகவே தகுந்த தீண்டல் எது, தகாத தீண்டல் எது என்று குழந்தை பகுத்தறிவது எளிதன்று. இரண்டாவது, வெளியூர்ப் பயணம், விடுதி, உடைமாற்றும் அறை, விடியற்காலைப் பயிற்சி என்று பெற்றோர் கண்ணுக்கு எட்டாத இடங்களும் வேளைகளும் இங்குப் பல. மூன்றாவதே யாவற்றினும் வலியது. குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளர். மாவட்ட அணியிலும் மாநில அணியிலும் இடம் பெறவேண்டும் என்னும் குழந்தையின் ஆசை அவர் கையில் அடைமானமாக இருக்கிறது. வாய் திறந்தால் ஆசை போய்விடும் என்று குழந்தை அஞ்சுகிறது. கட்டணமின்றிக் கற்பிக்கிறாரே என்னும் நன்றியால் பெற்றோரும் வாய் திறவார். குருவைத் தெய்வத்தின் அருகே வைத்துப் போற்றும் நம் நாட்டில் இவ்வச்சமும் நன்றியும் இன்னும் ஆழமானவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். லாரி நாசர் என்பவன் அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் தேசியக் குழுவுக்கு மருத்துவனாகப் பல்லாண்டு இருந்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் பணி ஆற்றினான். ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற சிறுமியர் பலர் அவனிடம் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். சிகிச்சை என்னும் போர்வையில் அவன் நூற்றுக்கணக்கான சிறுமியர்க்கும் இளம்பெண்டிர்க்கும் பாலியல் கொடுமை இழைத்தான்.

இத்தனை காலமும் ஒருவரும் சொல்லவில்லையோ எனின், சொன்னார்கள். 1997-ஆம் ஆண்டிலேயே தாம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவரிடம் இதனைச் சொன்னதாகவும், தம்மை அவர் நம்பவில்லை என்றும், அப்போது பதினாறு வயதினராயிருந்த பெண் ஒருவர் பின்னாளில் கூறியுள்ளார். 2004-ஆம் ஆண்டில் பதினேழு வயதுப் பெண் ஒருவர் மெரிடியன் என்னும் ஊரின் காவலரிடம் முறையிட்டார். நாசர் தன் செய்கை மருத்துவமுறையே என்று படங்காட்டி விளக்க, காவலர் அதனை நம்பி வழக்கை முடித்துவிட்டனர். அவ்வூரார் 2018-ஆம் ஆண்டில் அப்பெண்ணிடம் பொதுவில் மன்னிப்பு வேண்டினர். 2014-ஆம் ஆண்டில் மற்றொரு பெண் பல்கலைக்கழகத்தில் முறையிட்டார். அவ்விசாரணையில் கருத்துக் கேட்கப்பெற்ற மருத்துவர்கள் நாசரோடு நெருங்கிப் பழகியவர்கள். அவன் குற்றமற்றவன் என்றே அது முடிந்தது.

அவ்விசாரணைக்குப் பின் நிகழ்ந்தது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உடலின் மறைவிடங்களுக்கு அருகே சிகிச்சை செய்யுங்கால் வேறொருவர் அறையில் உடனிருத்தல் வேண்டும் என்று மருத்துவக் கல்லூரியின் தலைவர் நாசருக்கு விதி வகுத்தார். விதி நல்ல விதியே. ஆனால் அது கைக்கொள்ளப்படுகிறதா என்று ஒருவரும் சென்று பார்க்கவில்லை. நாசர் பழையபடியே நடந்துவந்தான். அத்தலைவர் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தார் என்று 2019-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. ஏட்டில் எழுதிய விதி குழந்தையைக் காக்காது. விதியைக் கண்காணிக்கும் கண்ணே காக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வீராங்கனையர் தமக்குள் பேசிக்கொண்டதைக் கேட்ட பயிற்சியாளர் ஒருவர் அதனைச் சங்கத்துக்கு அறிவித்தார். அவர் செய்தது முற்றும் முறையே. சங்கமோ உடனே காவல்துறைக்குச் செல்லாமல், தானே ஒருவரை அமர்த்தி விசாரிக்கத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழிந்த பின்னரே எப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறைக்குச் சொல்லிற்று. அத்துறையும் விரைந்து செயற்படவில்லை என்று அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. துறைக்குச் செய்தி எட்டிய பின்னரும், எழுபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ நாசரால் தீங்குற்றனர் என்று நீதிமன்ற ஆவணங்களை மேற்கோள் காட்டி அவ்வறிக்கை சொல்கிறது. சங்கத்தின் பெயருக்கு இழுக்கு வருமே என்று தயங்கிய ஒவ்வொரு வாரத்திற்கும் விலை கொடுத்தவர் சிறுமியர்.

உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு நாளிதழ். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் ஸ்டார் என்னும் பத்திரிகை, பயிற்சியாளர்மீது வந்த முறையீடுகளை ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் எவ்வாறு ஒதுக்கிவைத்தது என்பதை எழுதிற்று. தீங்குற்ற குழந்தையோ அதன் பெற்றோரோ நேரே வந்து முறையிட்டாலன்றி, ஏனையோர் சொல்வது வெறுஞ் செவிவழிச் செய்தி என்று தள்ளுவது சங்கத்தின் வழக்கமாயிருந்தது. அக்கட்டுரையைப் படித்த ரேச்சல் டென்ஹாலண்டர் என்னும் அம்மையார், தாம் பதினைந்து வயதுச் சிறுமியாயிருந்தபோது நாசர் இழைத்த கொடுமையை அப்பத்திரிகைக்கு எழுதினார். செப்டம்பர் 12-ஆம் நாள் அது வெளிவந்தது. எட்டாம் நாள் பல்கலைக்கழகம் நாசரை வேலையினின்று நீக்கிற்று. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், ஏழு நாட்கள் தொடர்ந்து, நூற்று ஐம்பத்தாறு பெண்டிர் நீதிபதி ரோஸ்மேரி அக்குவிலினாவின் மன்றத்தில் எழுந்து தத்தம் துயரை எடுத்துரைத்தனர். அம்மாதம் 24-ஆம் நாள் நாசருக்கு 40 ஆண்டு முதல் 175 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் 50 கோடி டாலரும், ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமும் ஒலிம்பிக் குழுவும் அவற்றின் காப்பீட்டாரும் 38 கோடி டாலரும், நடுவண் அரசு ஏறத்தாழ 13 கோடியே 87 இலட்சம் டாலரும் இழப்பீடாக ஒப்புக்கொண்டன. இழந்த இளமையைப் பொருள் மீட்டுத் தருமோ?

இங்கு நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. டென்ஹாலண்டர் அம்மையார் சிகிச்சை பெற்றபோது அவருடைய தாயார் அதே அறையில் இருந்தார். நாசர் தாயின் பார்வையை மறைக்கும்வண்ணம் நின்றுகொண்டு தன் தீச்செயலைச் செய்தான். ஆகவே, வேறொருவர் உடனிருத்தல் ஒன்றே போதும் என்று கருதுதலும் பிழையாகும். உடனிருப்பவர்க்கு எதனை நோக்குவது என்னும் அறிவும், ஐயுற்றவிடத்துத் தடுத்துக் கேட்கும் உரிமையும் இருத்தல் வேண்டும்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். 1988-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் நீச்சல் குழுவின் பயிற்சியாளராயிருந்த பால் ஹிக்சன் என்பவன், தன்னிடம் பயின்ற சிறுமியர்க்கு இழைத்த கொடுமைகளுக்காக 1995-ஆம் ஆண்டில் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அந்நாட்டு விளையாட்டுலகம் அன்று திடுக்கிட்டது. ஆயினும் கால்பந்துச் சங்கம் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தை முறையாகத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். 2016-ஆம் ஆண்டு நவம்பரில் ஆண்டி உட்வர்ட் என்னும் முன்னாள் ஆட்டக்காரர், தாம் சிறுவனாயிருந்தபோது பாரி பென்னல் என்னும் பயிற்சியாளனால் பட்டதைத் தம் பெயரோடு வெளிப்படச் சொன்னார். அவரைப் பின்பற்றி எண்ணிறந்தோர் வாய் திறந்தனர். வலிமையும் புகழும் படைத்த ஆடவர் பலர் இருபது முப்பது ஆண்டுகள் தம் மனைவியர்க்கும் சொல்லாமல் அத்துயரைச் சுமந்திருந்தனர். இக்கொடுமை பெண் குழந்தைகட்கு மட்டுமே நேர்வது என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பது அன்று உலகத்துக்கு விளங்கிற்று. பென்னல் 2018-ஆம் ஆண்டில் 31 ஆண்டுத் தண்டனை பெற்று, 2023-ஆம் ஆண்டில் சிறையிலேயே இறந்தான். கிளைவ் ஷெல்டன் என்னும் வழக்கறிஞர் 1970 முதல் 2005 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, 1995 அக்டோபருக்கும் 2000 மே மாதத்திற்கும் இடையே கால்பந்துச் சங்கம் காப்பு விதிகளைக் கொணர்வதில் மிகவும் காலந்தாழ்த்தியது என்றும், அது சங்கத்தின் குற்றமே என்றும் முடிவு கூறிற்று. அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையே கிடந்த அவ்வைந்தாண்டுகளையே அறிக்கை குற்றம் என்றது.

காப்புக் கடமை பாலியல் கொடுமையைத் தடுத்தலோடு முடிவதன்று. 2022-ஆம் ஆண்டு ஜூனில் அன் ஒயிட் என்னும் வழக்கறிஞர் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நானூற்றுக்கு மேற்பட்டோர் அவருக்குத் தம் அனுபவங்களை எழுதியிருந்தனர். எடை கூடும் என்று உணவை மறுத்தல், தண்ணீரும் இயற்கைக் கடனுக்கு விடையும் மறுத்தல், காயத்தோடு ஆடச் செய்தல், பிறர் முன்னிலையில் உடலைப் பழித்தல் ஆகிய செயல்கள் அவ்வறிக்கையில் நிரம்பியுள்ளன. இவற்றைச் செய்த பயிற்சியாளருள் பலர் தம்மைக் கொடியவர் என எண்ணியிருக்கமாட்டார். பதக்கம் வேண்டுமாயின் இவையெல்லாம் வேண்டும் என்றே எண்ணியிருப்பர். கொடுமைக்குக் கடுமை என்று பெயரிட்டுவிட்டால் மனச்சாட்சி உறங்கிப்போகிறது. கோடை வெயிலில் நண்பகற்பொழுதில் சிறுவரை ஓடவிட்டுத் தண்ணீர் குடித்தல் சோம்பல் என்று கண்டிப்பவரும், தலையில் அடிபட்டு மயங்கியவனை முகங்கழுவி மீண்டும் ஆடச் சொல்பவரும் இக்கடமையினின்று வழுவியவரே ஆவர்.

இதுகாறும் நோய் கூறினோம். இனி மருந்து கூறுவோம். பல நாடுகளின் அனுபவத்தால் தெளிந்த விதிகள் சில உள. அவற்றை அவற்றின் காரணத்தோடு அறிதல் நலம்.

முதலாவது, வெளிப்படை. பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் மூடிய கதவுக்குள் தனித்திருத்தல் கூடாது. பயிற்சி, சிகிச்சை, அறிவுரை யாவும் பிறர் காணவும் இடைபுகவும் கூடிய இடத்தில் நிகழ்தல் வேண்டும். பயணத்தில் பெரியவர் இருவரேனும் உடன் செல்லுதலும், குழந்தைகளின் அறையில் பெரியவர் தங்காதிருத்தலும் இதனுள் அடங்கும். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நாடு இயற்றிய சட்டம், பெரியவரும் குழந்தையும் தனித்திருக்கும் நிலைகளைக் குறைக்கும் விதிகளை விளையாட்டுச் சங்கங்கள் வகுத்தல் வேண்டும் என்கிறது. கைபேசிச் செய்திகளுக்கும் இவ்விதியே பொருந்தும். மூடிய அறையைப் போலவே தனிச்செய்தியும் ஒரு மூடிய கதவு. ஆதலின் பெற்றோரும் காணும் குழுவிலேயே செய்தி அனுப்புதல் தக்கது.

இரண்டாவது, தேர்வு. பணிக்கு வருபவரின் முன்வரலாற்றை அவர் முன்பு பணியாற்றிய இடங்களில் கேட்டறிதல் வேண்டும். ஆயினும், இச்சல்லடை முன்னரே அகப்பட்டவரை மட்டுமே பிடிக்கும் என்பதை மறத்தல் கூடாது. நாசரைக் குறித்து 2014-ஆம் ஆண்டில் எவரைக் கேட்டிருப்பினும் பாராட்டுரையே கிடைத்திருக்கும்.

மூன்றாவது, பொறுப்பாளர். குழந்தையும் பெற்றோரும் அணுகக்கூடிய ஒருவரைச் சங்கம் பெயர் குறித்து அமர்த்தி, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் களத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அவர் குழுவைத் தேர்ந்தெடுப்பவராக இருத்தலாகாது. குறை சொன்னால் இடம் போகும் என்னும் அச்சம் அப்போதுதான் நீங்கும்.

நான்காவது, அறிவித்தல். செய்தி கிடைத்தவுடன் அதனை வெளியிலுள்ள உரிய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். மேற்கூறிய அமெரிக்கச் சட்டம் இதற்கு 24 மணி நேரமே தருகிறது. மெய்யா பொய்யா என்று ஆராய்தல் சங்கத்தின் வேலையன்று. சங்கம் தன் மதிப்பையே தான் எடைபோடும் தராசாகிவிடும். அத்தராசு ஒருபோதும் நேர் நில்லாது.

இவ்விதிகளைக் கேட்டவுடன் நேர்மையுள்ள ஆசிரியர் சிலர் மனம் வருந்துவர். முப்பதாண்டு களங்கமின்றிப் பணி செய்த எம்மையும் ஐயுறுவதோ, தந்தைபோற் பழகும் எம் அன்புக்குச் சட்டம் வேலியிடுவதோ என்று அவர் கேட்பர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அன்பில்லாத களம் களமாகாது. அஞ்சி விலகி நிற்கும் ஆசிரியரால் குழந்தைக்கு நன்மையும் இல்லை. ஆனால் விதி ஒருவரைக் குறித்து ஐயுறுவதன்று; எல்லாரையும் ஒப்பக் கட்டுவது. வங்கியில் இருவர் இரண்டு சாவியிட்டுப் பெட்டகத்தைத் திறக்கின்றனர். அதனால் எவரும் இழிவுபட்டதாக எண்ணுவதில்லை. பொன்னுக்கு இசைந்த காவலைக் குழந்தைக்கு மறுப்பது எங்ஙனம் பொருந்தும்? மேலும், விதி தளர்ந்த இடத்தில் நல்லவர் நடத்தைக்கும் தீயவர் நடத்தைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இராது. இருவரும் குழந்தையைத் தனியே அழைப்பர். இருவரும் பரிசு தருவர். இருவரும் வீட்டுக்கு வண்டியில் கொண்டுவிடுவர். நல்லவர் யாவரும் விதியைக் கைக்கொண்டால், அதனை மீறுபவன் உடனே தனித்துத் தெரிவான். ஆகவே நேர்மையாளர் விதிக்குப் பணிதல் தம்மைக் காப்பதோடு தாம் என்றும் காணாத ஒரு குழந்தையையும் காப்பதாகும்.

இக்கருத்து மேல்நாட்டாரிடமிருந்து புதிதாய் வந்ததென்று எண்ண வேண்டா. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து நம்புக என்பது முன்னது. அங்ஙனம் நம்பியவரிடம் வினையை ஒப்புவிக்கும் முறை பின்னது. ஒப்புவித்தபின் பேசாதிருக்கலாம் என்று அவர் முடித்தாரல்லர். வினை செய்வானை அரசன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என்பதனைப் பின்னைய அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார். தேர்ந்தெடுத்தலோடு கடமை முடிவதில்லை. நாள்தோறும் நோக்குதலும் கடமையே. வேலியே பயிரை மேய்தலும் உண்டு என்று பழமொழியாக அறிந்திருந்தும், வேலியை நாளும் சுற்றிப் பார்ப்பவர் நம்முள் எத்துணையர்?

நம் நாட்டுச் சட்டம் இதுபற்றி யாது கூறுகிறது? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், போக்சோ என வழங்குவது, 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் யாவரும், ஆணாயினும் பெண்ணாயினும், இச்சட்டத்தின்படி குழந்தைகளே. நம் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் பதினேழு வயதில் வந்து சேரும் மாணவரும் இதனுள் அடங்குவர் என்பதை நம்முட் பலர் கருதியிரார். இத்தகைய குற்றம் நிகழ்ந்தது என்று அறிந்தவரும், நிகழக்கூடும் என அஞ்சுபவரும் காவல் நிலையத்துக்கோ சிறார்க்குரிய தனிக் காவற் பிரிவுக்கோ அறிவித்தல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கிறது. இது விருப்பத்துக்கு விட்டதன்று. அறிவியாதவர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனத்தின் தலைவர் தம்கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை அறிவியாதிருந்தால், ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது வழக்குத் தொடரவியலாது என்றும் சட்டம் காப்பளிக்கிறது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவல் அதிகாரி காக்கிச் சீருடையில் இருத்தலாகாது; குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ சென்று பெறுதல் வேண்டும். 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழியாக எவரும், குழந்தையேயாயினும், உதவி கேட்கலாம்.

இச்சட்டம் முதல்வருக்கும் பேராசிரியர்க்குமே உரியது, மாணவராகிய நமக்கென்ன என்று எண்ணுதல் தவறு. கோடை விடுமுறையில் சிறுவர்க்குக் கிரிக்கெட்டும் கூடைப்பந்தும் கற்பிக்கும் முகாம்களை நடத்துபவர் யார்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செல்பவர் யார்? விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆட்டங்கள் ஆடுவிப்பவர் யார்? நாமே அன்றோ? பட்டம் பெற்ற பின் நம்முட் பலர் ஆசிரியராவர். பழைய மாணவருட் பலர் பள்ளித் தாளாளராகவும் சங்கச் செயலராகவும் இன்று விளங்குகின்றனர். பத்தொன்பது வயதினர் பத்து வயதுச் சிறுவனுக்குப் பந்தெறியக் கற்பிக்கும் நாழிகையில், கவனமுள்ள தந்தை என்று 1893-ஆம் ஆண்டின் நீதிமன்றம் குறித்த இடத்தில் நிற்பவர் அப்பத்தொன்பது வயதினரே.

ஒரு குழந்தை நம்மிடம் வந்து சொல்லுமாயின் நாம் செய்யத்தக்கது யாது? அமைதியாகக் கேட்டல் வேண்டும். சொன்னது நன்று, உன்மீது குற்றமில்லை என்று கூறுதல் வேண்டும். வினாமேல் வினாத் தொடுத்தலும், குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்து எதிரே நிறுத்தலும் கூடா. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்தலும் கூடாது; ஏனெனில் அவ்வாக்கைக் காப்பின் குழந்தையைக் காத்தல் இயலாது. கேட்டதைக் கேட்டபடியே குழந்தையின் சொற்களில் அன்றே எழுதிவைத்து, உரியவர்க்கு அன்றே அறிவித்தல் வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இதனையும் தெளிவாகச் சொல்வதில்லை. விரும்பி வந்த பயிற்சிக்குத் திடீரென வர மறுத்தல், ஒருவர் பெயரைக் கேட்டதும் ஒடுங்குதல், காரணமின்றி அழுதல் அல்லது சினத்தல் ஆகியவையே அவற்றின் மொழி. இவை ஒவ்வொன்றும் கொடுமைக்கே அறிகுறி என்பதன்று. பரிவோடு கேட்கத் தக்க காரணம் ஒன்று உண்டு என்பதற்கு அறிகுறி.

மேலே கூறிய வரலாறுகளில் குழந்தைகள் துணிவின்றி இருந்ததால் தீமை நிகழவில்லை. அவர்கள் பதினாறு பதினேழு வயதிலேயே சொன்னார்கள். கேட்கவேண்டியவரே கேட்கவில்லை. அமெரிக்க மன்றத்தில் நூற்று ஐம்பத்தாறு பேர் எழுந்து நின்றதை வீரம் என்று உலகம் புகழ்ந்தது. புகழ்ச்சி தக்கதே. ஆயினும், குழந்தையிடம் அத்தகைய வீரத்தை வேண்டி நிற்கும் சங்கம் தன் கடமையைக் குழந்தையின் தோளில் ஏற்றிவிட்ட சங்கமாகும். சொல்லும் துணிவு இல்லாத குழந்தையும், சொல்லத் தெரியாத குழந்தையும், சொல்லவேண்டிய நிலையே நேராத குழந்தையும் ஒப்பக் காக்கப்படும் களமே நல்ல களம். இவ்வாண்டு நம் கல்லூரி மாணவர் எச்சிற்றூரில் முகாம் அமைப்பினும், பந்தும் வலையும் எடுத்துச் செல்லுமுன், பொறுப்பாளர் பெயர் எழுதிய பலகை ஒன்றையும், இருவர் இன்றி ஒருவர் செல்லார் என்னும் உறுதியையும் எடுத்துச் செல்வாராக. களத்தில் ஓடும் சிறுவன் அவற்றை அறியவேண்டியதில்லை. அவன் அச்சமின்றி ஓடுவதே அவற்றின் பயன்.